சும்மா இருந்தவளின் பட்டியல்

கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவதுதான் அவள் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் ‘கண்ணாடி அக்கா’. வீட்டில் மட்டும் வேறு பெயர்: சும்மா இருக்கிறவள். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகுட்டி இல்லை, ஆகவே அவளுடைய நேரம் பொதுச்சொத்து. கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாடியிலிருந்து அண்ணன் குரல் வந்துவிடும்.

“நீ சும்மாதானே இருக்கே? கரண்ட் பில்லைக் கட்டிட்டு, அப்படியே சின்னவளை டியூஷன்லேர்ந்து கூட்டிட்டு வந்துடு.”

அவளும் தலையாட்டிவிட்டுப் போவாள். அப்படியே வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் வந்த உறையின் பின்பக்கத்தில் தன் ஆசைகளை எழுதினாள். கார் ஓட்டணும். நீச்சல் பழகணும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாருக்கும் ஒரு வேலையும் செய்யக் கூடாது. எழுதிப் பைக்குள் போட்டவள் மறந்தே போனாள். பேனா தேடி அவள் பையைத் துழாவிய அண்ணன் கையில் அது அகப்பட்டது. அன்று பார்த்து அவனுடைய மாமனார் வீட்டார் அத்தனை பேரும் சாப்பிட வந்திருந்தார்கள். சத்தமாக வாசித்துக் காட்டினான்.

“நீச்சலாம்! இவ இறங்கினா குளத்துல தண்ணி மிஞ்சுமா?”

மாமனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவர் தலையைத் தட்டிவிட்ட அண்ணியும் சிரித்தாள். கண்ணாடி அக்காவும் ஒப்புக்குச் சிரித்து வைத்தாள். இதை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தாள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு வேலையாகக் கைகழுவினாள். பில்லா? “இன்னிக்கு முடியாதுண்ணா.” டியூஷனா? “அண்ணி போவாங்களே.” காரணம் மட்டும் சொல்லவே மாட்டாள், சொன்னால் அதில் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். மிச்சமான மாலைகளில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் அண்ணன் பல்லைக் காட்டிச் சிரித்தது ஞாபகம் வரும். நன்றாக அழுத்தியே மிதிப்பாள். லைசென்ஸ் வந்த கையோடு நீச்சல் வகுப்பிலும் சேர்ந்தாள்.

அப்போதுதான் அண்ணன் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டான். அந்தச் சனிக்கிழமை மாமனாரின் பிறந்தநாள் விருந்து. போகாவிட்டால் மனிதர் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார். அண்ணிக்கோ கார் ஓட்டத் தெரியாது.

“நீ கொஞ்சம் கொண்டுபோய் விட்டுடேன்” என்றான் அண்ணன். ‘சும்மாதானே’ என்பதை இந்த முறை விழுங்கிவிட்டான்.

அண்ணனையும் அண்ணியையும் பின் சீட்டில் உட்காரவைத்து, அவனுடைய காரையே அலுங்காமல் ஓட்டிப் போனாள். மாமனார் வீட்டு வாசலில் எல்லோரும் வரவேற்க நின்றிருந்தார்கள். காரை நிறுத்தினாள், ஜன்னல்களை இறக்கினாள், கதவுகளின் பூட்டை மட்டும் எடுத்துவிடவில்லை. அன்றைக்கே திரும்ப எடுத்து வைத்திருந்த அந்த உறையைப் பையிலிருந்து எடுத்துப் பின்னால் நீட்டினாள்.

“வாசிண்ணா. அன்னிக்கு மாதிரியே சத்தமா.”

“விளையாடாதே. எல்லாரும் பாக்கறாங்க.”

“அதுக்காகத்தான்.”

மாமனார் குனிந்து எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போய் அண்ணன் வாசித்தான். கார், நீச்சல், ஞாயிற்றுக்கிழமை. ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. ஐயோ பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை.

கதவைத் திறந்துவிட்டாள். அண்ணி கைத்தாங்கலாக அவனை இறக்கினாள்.

“எத்தனை மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவே?” என்று கேட்டான் அண்ணன்.

“சாயங்காலம் எனக்கு நீச்சல். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கார் திங்கக்கிழமை வந்துடும்.”

“அப்ப நாங்க எப்படி வீட்டுக்கு வர்றது?”

அவள் கிளட்சை மிதித்து கியரைப் போட்டாள்.

“நீ சும்மாதானே இருக்கேண்ணா? மெதுவா வா.”