டப் அக்காவின் முதல் ஓட்டம்

உப்புத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குவளைக்குள் மின்கலப் பெட்டியிலிருந்து வரும் இரண்டு செம்புக் கம்பிகளை இறக்கிவிட்டு, மூக்கு நீரில் படாத குறையாகக் குனிந்து பார்க்கிறார் டப் அக்கா. ஒரு கம்பியின் நுனியிலிருந்து பொடிப்பொடியாக நுரை கிளம்புகிறது. "நுரைக்கிறது மைனஸ், கம்முனு கிடக்கிறது பிளஸ்," என்று அறிவித்து, நுரைத்த கம்பியில் கறுப்பு நூல் ஒன்றைக் கட்டுகிறார். மின்கலப் பெட்டியின் சிவப்பு, கறுப்பு அடையாளங்கள் எப்போதோ அழிந்துவிட்டன. புதிதாக வண்ணம் தீட்டிவிடலாமே என்றால், "தீட்டுறவன் மாத்தித் தீட்டிட்டா? நுரை மாத்தி வராது," என்கிறார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க வீட்லயும் இதே கதைதான். நுரைக்கிறது நானு, கம்முனு கிடக்கிறது அவரு."

பள்ளியின் வேதியியல் ஆய்வக உதவியாளர். வயது நாற்பத்திரண்டு, பணியில் பத்தொன்பது ஆண்டுகள். பழுப்பு மேலங்கியில் அமிலம் தின்ற ஓட்டைகள், எண்ணியவரை பதினொன்று. எந்த ஓட்டை எந்த ஆண்டு, யாருடைய கை தவறி விழுந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாணவர்களுக்கு அவர் 'டப் அக்கா'. ஹைட்ரஜன் நிறைந்த குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டும்போது எழுகிற சத்தம் அது. அதற்கு அரை நொடி முன்னால் அவரே வாயால் "டப்" என்று சொல்லிவிடுவார். இதுவரை ஒருமுறையும் பிந்தியதில்லை.

மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் மின்னாற்பகுப்புச் சோதனைதான் அவருடைய செல்லப்பிள்ளை. இரட்டைக் கண்ணாடிக் குழாய். அடியில் இரு மின்வாய்கள். தூய நீரில் மின்சாரம் ஏன் பாய்வதில்லை என்பதைப் பாடநூல் அயனிகளைக் கொண்டு விளக்குகிறது. அவர் வழி வேறு. "வெறுந்தண்ணில கரண்டு எப்படிப் போகும்? அக்கரைக்குப் போக ஓடம் வேணாமா? நாலு சொட்டு ஆசிட் விடு, ஓடம் வந்துரும்." ஓடங்கள் இரு கரைக்கும் பிரிந்து செல்ல, எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும், நேர்மின்வாயில் அதில் பாதி அளவு ஆக்சிஜனும் குமிழ்களாகச் சேர்கின்றன.

பாதி என்பது பாடநூல் சொல்வது. புதிதாக நிரப்பிய நீர் ஆக்சிஜனில் சிறிதைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும் என்பதால், முதல் ஓட்டத்தில் அளவு குறைந்தே நிற்கும். ஆகவே ஒவ்வொரு செய்முறை நாளிலும் காலை ஏழரைக்கே வந்து, எல்லாக் கருவிகளையும் அரை மணி நேரம் ஓட்டி, சேர்ந்த வாயுவைத் திறந்துவிடுகிறார். "தண்ணிக்கு முதல்ல வயித்த ரொப்பணும். அப்புறந்தான் நமக்கு ஒழுங்கா அளந்து குடுக்கும்." பத்தொன்பது ஆண்டு மாணவர் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். இருபதுக்குப் பத்து என்ற விகிதம் பிசகாமல் விழுந்திருக்கிறது. அந்த அரை மணி நேரம் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஆய்வகப் பொறுப்பாளர் பதவி இப்போது காலி. அதற்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும். டப் அக்காவிடம் அது இல்லை. எனவே இவ்வாண்டு தனித்தேர்வராக எழுதினார். மற்ற பாடங்களில் தேறிவிடுவார். வேதியியல் எழுத்துத் தாளில் அவருக்குக் கை ஓடாது; செய்முறை மதிப்பெண்தான் கரை சேர்க்க வேண்டும். அதே தேர்வை எழுதும் மகளே வீட்டில் பாடம் எடுத்தாள்.

"அடி ஒண்ணுதான் பாக்கி," என்றார் என்னிடம்.

"அதுவும் நாளைலேர்ந்து உண்டு," என்றாள் மகள்.

தேர்வர் என்பதால் செய்முறைத் தேர்வன்று காலையில் அவரை ஆய்வகத்துக்குள் விடவில்லை. அலுவலக உதவியாளர் அமிலம் கலந்து கருவிகளை நிரப்பிவைத்தார். முன்கூட்டியே ஓட்டிவைக்கும் வழக்கம் அவருக்குத் தெரியாது. எட்டு மேசைகளிலும் ஹைட்ரஜன் இருபது மில்லியைத் தொட்டபோது, ஆக்சிஜன் பத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஏழு பேர் குழாயைப் பார்த்தார்கள், பாடநூலை நினைத்துக்கொண்டார்கள், பத்து என்று எழுதினார்கள். மகளும் அப்படியே. டப் அக்கா 9.2 என்று எழுதினார்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அவர் மேசையருகே நின்றார். "என்னம்மா, எல்லாரும் பத்துன்னு எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் ஒன்பது புள்ளி ரெண்டா?"

"குழாயில அதான் சார் இருக்கு."

"விடைக்குறிப்புல பாதின்னு இருக்கே. பாதி வரலன்னா மார்க் போட எனக்கு வழியில்லம்மா."

பக்கத்து மேசையில் மகள் பலமாக இருமினாள்.

"இருமல் மருந்து பையில இருக்குடி, எடுத்துக் குடி," என்றார் திரும்பிப் பார்க்காமலே. ஆய்வகம் சிரித்தது. தேர்வாளரிடம் தொடர்ந்தார்: "புதுத் தண்ணி சார். முதல் ஓட்டத்துல கொஞ்சம் முழுங்கத்தான் செய்யும். காத்தத் திறந்துவிட்டுட்டு மறுபடி ஓட்டினா பத்து வரும். வந்தா பத்துன்னு எழுதறேன்."

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னோர் ஓட்டத்துக்கு நேரமில்லை. குனிந்து, குழாயின் கோட்டைக் கண்மட்டத்தில் வைத்து ஒருமுறை படித்தார். நிமிர்ந்து, குரலைத் தாழ்த்தி, "நாலு நிமிஷம் இருக்கு. திருத்தறதுன்னா திருத்திக்கங்க," என்றார்.

மேசைக்குக் கீழே மகள் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள்.

டப் அக்கா பேனாவைத் திறந்தார். மகள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். அவர் அளவுகோலைப் பிடித்து வைத்து, 9.2-க்கு அடியில் நேராக ஒரு கோடு இழுத்தார்.