பவானி எண்ணாமல் விட்ட ஜோடிகள்

எந்த மிஷின் வந்தாலும் பவானி முதலில் அதைக் காதோரம் வைத்துக் குலுக்குவாள். "ஸ்க்ரூ கயண்டுகினு கீது" என்பாள். திறந்தால் அவள் சொன்னபடியே இருக்கும். காசிமேட்டுப் படகுகளில் மீன் கூட்டத்தைத் திரையில் காட்டும் எக்கோ மிஷின்களுக்கு அவள்தான் வைத்தியர். உப்பேறிப் பச்சை பூத்த போர்டைப் பழைய பல் பிரஷால் தேய்த்துக்கொண்டே பேசுவாள். பேச்சு பெரும்பாலும் ஒளியைப் பற்றி.

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். ஒன்றாகப் பிறந்த இரண்டு ஒளித்துகள்களைத் தூரத்தில் பிரித்து வைத்து அளந்தால், அவற்றின் பதில்கள் அநியாயத்துக்கு ஒத்துப்போகின்றனவாம். முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்திருந்தாலும் அந்தப் பொருத்தத்தைக் கணக்கிட்டு வரும் எண் இரண்டைத் தாண்டக் கூடாது, ஆனால் சோதனையில் தாண்டுகிறது. "மாயமும் இல்ல, மந்திரமும் இல்ல. அத விளக்க சாதா அலையே போதும்" என்று பவானி ஒற்றைக்காலில் நின்றாள். ஆறு வருஷமாக லேப்டாப்பில் கணக்கு வழியாக அலைகளை அனுப்பிப் பார்த்து, 2.7 வரவழைத்தும்விட்டாள். கூடப் படித்த ரஹீமுன்னிசா இப்போது கல்லூரி ஆசிரியை. அவள் ஏற்பாட்டில் சனிக்கிழமை பேராசிரியர்கள் முன்னால் பவானியின் பேச்சு. அவள் ஒளிக்கதையைக் கேட்கவே அடிக்கடி கடைக்குப் போகும் நான் அந்த வாரம் போனது வியாழக்கிழமை. "தப்பா இருந்தா மானம் பூடும் சார்" என்றாள் பவானி.

அந்நேரம் படகுக்காரர் விமல் தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு கோபமாக வந்தார். "இன்னாக்கா ரிப்பேர் பண்ண? அவனவன் நெத்திலிய வாரிக்கினு வரான், என் மிஷின்ல ஒண்ணியும் காணோம்!"

திரை பளிச்சென்று இருக்க வேண்டுமென்று சன்னமான எதிரொலிகளை வெட்டிவிடுவது பவானியின் கைப்பழக்கம். பொடி மீனான நெத்திலியின் எதிரொலியும் அதோடு போய்விட்டது. சரிசெய்யப் போன கை பாதியில் நின்றது. "ஐயோ, அங்கயும் இதத்தான் செஞ்சுகீறேன்!"

லேப்டாப்பை இழுத்தாள். இரண்டு பக்கமும் அலை பலமாக விழுந்த ஜோடிகளை மட்டும் எண்ணி, சன்னமானதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கியிருந்தாள். அனுப்பிய அத்தனையையும் சேர்த்து மறுபடி ஓட்டினாள். விமல் மிஷினை மார்போடு அணைத்தபடி நின்றார். 1.8 வந்தது.

"லேப்ல அல்மோஸ்ட் எதையும் விடாம எண்ணியே ரெண்டத் தாண்டிக் காட்டிட்டாங்க சார். என் அலை தாண்டல."

ஆறு வருஷம் போச்சே என்று நான்தான் பதறினேன். அவளோ ஜுரம் விட்டவள் போலிருந்தாள். "தப்பிச்சேன். அத்தினி பேர் எதிர்ல பேஜாராயிருக்கும்." உடனே ரஹீமுன்னிசாவுக்குப் போன் போட்டாள். "சனிக்கிழமை வரேன்டி. ஆனா ஜெயிச்ச கதை இல்ல, எப்டி ஏமாந்தேன்ற கதை."

போனை வைத்தவள், சண்டைக்கு வந்த விமலின் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.