கடற்கரை ஷார்டொனேயும் மீன் கட்லட்டும்

வைன் கடையில் வேலை செய்பவருக்கு நல்ல நாக்கு இருந்தால் மட்டும் போதாது, நல்ல முகமும் வேண்டும். வாடிக்கையாளர் முகத்தைச் சுளிக்கும்போதெல்லாம் நாம்தான் சிரிக்கவேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சுவிஸின் பாடன் நகரில் நான் வேலை செய்யும் கடையில் வைன்களைத் தெரிவு செய்வது எப்போதும் முதலாளி மார்க்குஸ்தான். போன வசந்தத்தில் முதல் தடவையாக ஒன்றை என்னிடம் விட்டார். சிலியின் கடற்கரையில், காலையில் பனிமூட்டம் மூடும் குளிரான இடத்தில் விளைந்த ஷார்டொனே என்ற வெள்ளை வைன் ஒன்றை எடுத்தேன். தேசிக்காய்ப் புளிப்பு, பச்சை அப்பிள் வாசம், விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்லிய உப்பு. கடலோர மன்னார்க்காரியான எனக்கு அந்த உப்பு பிடிக்காமல் போகுமா? கோடை முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தால் அடுத்ததும் என் தெரிவு, தீராவிட்டால் பழையபடி அவரே என்று பேச்சு.

வெண்ணெய் தேடியவர்

ஃப்ராவ் மையர், அதாவது திருமதி மையர், எங்கள் நீண்டகால வாடிக்கையாளர். ஷார்டொனே என்றால் ஓக் பீப்பாயில் கிடந்து, வெண்ணெய் போல வழுவழுவென்று இறங்கவேண்டும் அவருக்கு. அந்தக் கரையின் குளிரைப் பற்றி, அங்கே திராட்சை மெதுவாகப் பழுப்பதைப் பற்றி, அதனால் புளிப்புக் குறையாமல் நிற்பதைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஒரு வாய் வைத்தார், சுவைபார்ப்பவர்கள் துப்புவதற்கென்று வைத்திருக்கும் வாளியில் துப்பினார்.

"எல்லாம் சரி, பசுமாட்டை எங்கே விட்டீர்கள்?"

ஓல்டன் அண்ணை

மகளின் பிறந்தநாளுக்கு வைன் வாங்க ஓல்டன் நகரிலிருந்து ஒரு அண்ணை வந்தார். தமிழைக் கேட்டதும் எனக்கு உற்சாகம். என் ஷார்டொனேயை ஊற்றி, கிளாஸைச் சுழற்றி முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அவர் ஒரே மடக்கில் விழுங்கி, சாராயம் குடித்தவர் போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கடிக்க ஏதாவது தேடி மேசையைத் தடவினார். அகப்பட்டது சீஸ் துண்டு. அதைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தங்கச்சி, மணம் குணமெல்லாம் இருக்கட்டும். கடிக்க உறைப்பா ஒண்டும் இல்லையோ?"

துப்பாத சனிக்கிழமை

அண்ணையின் கேள்வி மண்டையைவிட்டுப் போகவில்லை. கோடையின் கடைசிச் சனிக்கிழமை, கடையில் சுவைபார்க்கும் நாள். பாதிக்குமேல் பெட்டிகள் அப்படியே இருந்தன. மார்க்குஸ் வழக்கம்போல சீஸ் வெட்ட, நான் வீட்டிலிருந்து மீன் கட்லட் பொரித்துக் கொண்டுபோனேன். சுவிஸ்காரருக்கென்று உறைப்பைக் குறைத்துத்தான் போட்டேன், அதாவது எங்கள் கணக்கில் குறைத்து.

முதல் கடியிலேயே ஃப்ராவ் மையரின் முகம் சிவந்தது, கண் கலங்கியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவர் கிளாஸை எட்டிப் பிடித்துக் குடித்தார். குளிர்ந்த புளிப்பு வாயை ஆற்றியிருக்கவேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கட்லட் எடுத்தார். பின்னால் நின்றவர்களும் அப்படியே, ஒரு கடி, ஒரு மடக்கு. துப்பும் வாளி அன்று காய்ந்து கிடந்தது. கடை பூட்டுமுன் எல்லாப் பெட்டிகளும் போய்விட்டன. சந்தோஷத்தில் மார்க்குஸைக் கட்டிப்பிடித்துவிட்டேன். கடைசிப் பெட்டியைத் தன் காரில் ஏற்றச் சொன்ன ஃப்ராவ் மையர், மூக்கை உறிஞ்சியபடி என்னிடம் வந்தார்.

"மாடு வேண்டாம். இந்த மீனையும் பெட்டியோடு விற்பீர்களா?"

இப்போது கடைக்கு வைன் தெரிவு செய்வது நான்தான், ஆனால் என்ன பொரிப்பது என்று முடிவெடுத்த பிறகுதான் போத்தலைத் தேடுகிறேன்.