பூனைகள் சுற்றி வந்த ரோஜாத் தொட்டி

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு தெருவில் வாடகை வீட்டில் குடியிருந்தேன். ரயில்வேயில் குமாஸ்தா வேலை. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. சுத்தம் பார்க்கிற பைத்தியம் அதைவிட ஜாஸ்தி. எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. அப்படிப்பட்டவன், நாள் முழுக்க மீன்கூடைகள் போய்வருகிற தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளினேன் என்று வையுங்கள்.

வாசலில், குட்டைச் சுவரை ஒட்டி ஒரு பெரிய மண்தொட்டி. அதில் மஞ்சள் ரோஜா. இன்றைக்கு அது பெரிய விஷயமில்லை. அன்று எங்கள் பக்கத்தில் சிவப்பும் ரோஸ் நிறமும்தான் கண்டிருக்கிறோம். கல்யாணமான புதிதில் பெங்களூரில் தன் அக்கா வீட்டுக்குப் போன என் மனைவி, அந்த ஒட்டுச்செடியை ஈரச்சாக்கில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். "இந்த உப்புக்காத்துல இது பொழச்ச மாதிரிதான்!" என்று கேலி செய்தேன். நாலாம் மாதம் பூத்தது. தெருவே வந்து பார்த்தது.

இரண்டு வருடம் கழித்துப் பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். திரும்பி வரவில்லை. தாயும் போய், பிள்ளையும் போய், காரியமெல்லாம் முடித்து ஒரு மாதம் கழித்து ஒண்டிக்கட்டையாக வந்து கதவைத் திறந்தேன். செடியில் இரண்டு பூ இருந்தது. அன்று அழுத மாதிரி நான் எப்போதும் அழுததில்லை. பூட்டிக் கிடந்த வீட்டில் அது எப்படித் தாக்குப்பிடித்தது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

அப்புறம் அந்தச் செடிதான் எனக்கு எல்லாம். விடியற்காலையில் தெருக்குழாயில் வரிசையில் நின்று ஒரு குடம் பிடித்து ஊற்றுவேன். வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்துக்கு ஒரு பூ, அவள் படத்துக்கு ஒரு பூ. "எல்லாம் என் கைராசி" என்று ஆபீசில் பீற்றிக்கொள்வேன். ஒரே தொல்லை, பூனைகள். எங்கிருந்துதான் வருமோ, எப்போது பார்த்தாலும் அந்தத் தொட்டியையே சுற்றும்.

ஒருநாள் காய்ச்சல் என்று பதினோரு மணிக்கே வீடு திரும்பினேன். எங்கள் தெருமுனையில் மீன் விற்று, அங்கேயே கழுவி அறுத்தும் கொடுக்கிற அம்மாள் ஒருத்தி உண்டு. ஐம்பது வயதிருக்கும். அவள் என் வீட்டுச் சுவர்மேல் சாய்ந்து, சட்டியிலிருந்த மீன் கழுவிய தண்ணீரைச் செதிலோடு தொட்டியில் ஊற்றிவிட்டு, மேலே ஒரு பிடி மண்ணைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அறிவிருக்கா உனக்கு? என் பெண்டாட்டி வச்ச செடி! சாமி படத்துக்கு வைக்கிற பூ!" என்று கத்தினேன். தெரு கூடிவிட்டது.

"சாமி, நான் இன்னா சொல்றேன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"வாயைத் திறக்காதே! இனிமே இந்தப் பக்கம் வந்தா நடக்கிறதே வேற!"

அவள் என்னைப் பார்க்கவில்லை. செடியைப் பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதோடு விட்டேனா? காய்ச்சலோடு தொட்டியைக் கவிழ்த்தேன். அடிமண் வரைக்கும் செதில்! வேரைக் கொல்லைக் கிணற்றடியில் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, புது மண் போட்டு நட்டேன். அந்த மண்ணுக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு குடம் போதாது என்று, நாள்தோறும் கிணற்றுத் தண்ணீரையே தாராளமாக ஊற்றினேன்.

மூன்று வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. கிளைகள் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தன. வேப்பம் புண்ணாக்கு வைத்தேன், தேயிலைத் தூள் போட்டேன், எதற்கும் அசையவில்லை. பென்சில் கனத்தில் ஒரே ஒரு குச்சி பச்சையாக நின்றது. அந்த வெள்ளிக்கிழமை அவள் படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை.

அப்போதுதான் பொறி தட்டியது. அடிமண் வரைக்கும் செதில் என்றால், அது அவள் உயிரோடு இருந்தபோதே விழுந்ததல்லவா? பகலெல்லாம் வீட்டிலிருந்தவளுக்கு அது தெரியாமலா போயிருக்கும்?

மறுநாளே விசாரித்துக்கொண்டு கடற்கரைக் குப்பத்துக்குப் போனேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் என்னைக் கண்டதும் எழுந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"செடி கீதா சாமி, பூட்ச்சா?" என்றாள்.

"ஒரு குச்சிதான் இருக்கு."

"கெணத்துத் தண்ணியா ஊத்துனே? அய்ய, அது அத்தினியும் உப்பாச்சே! இன்னா ஆளு சாமி நீ!"

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நீ ஊத்தினது என் வீட்டுல அவளுக்குத் தெரியுமா?"

அந்த அம்மாள் சிரித்தாள். "அந்தப் பொண்ணக் கேட்டுத்தான் ஊத்துனேன். வந்த புதுசுல செடி வாடிகினு கெடந்துச்சு. மீன் கழுவுன தண்ணி ஊத்துமா, ரோசா கும்முனு வரும்னேன். மூக்கப் பொத்திகினு சரின்னுச்சு. வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும், சொல்லாத அக்கான்னுச்சு. புள்ள பெக்கப் போறப்ப, நான் வர்ற வரைக்கும் ஊத்திகினு இருன்னு சொல்லிட்டுப் போச்சு." குரல் இறங்கிவிட்டது. "அது வர்ல. நான் எப்ப சாமி நிறுத்துறது?"

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அழுகைதான் வந்தது.

"எந்திரி சாமி. போய்க் கொழாத் தண்ணி புடிச்சு வையி. நான் வர்றேன்" என்றாள்.

வந்தாள். காய்ந்ததையெல்லாம் வெட்டியெறிந்தாள். அன்றிலிருந்து காலையில் குழாய்த் தண்ணீர் நான், பகலில் சட்டித் தண்ணீர் அவள். பூனைகளை விரட்டுவதையும் விட்டுவிட்டேன். தை மாதம் ஒரு மொட்டு விட்டது. அது விரிந்ததும் பறித்து அந்த அம்மாளிடமே நீட்டினேன். வாங்கவில்லை. "அது படத்தாண்ட வையி" என்றாள்.

அடுத்த வருடம் எனக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. தொட்டியைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அந்த அம்மாளின் வீட்டு வாசலில் இறக்கினேன். "நான் வர்ற வரைக்கும் ஊத்திக்கிட்டு இரு அக்கா" என்றேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீயாவது வந்துடு சாமி."

அக்கா இருந்தவரை வருடம் தவறாமல் போய் வந்தேன். சாமி படத்துக்கு வைக்கிற பூ என்று அன்று நடுத்தெருவில் கத்தினேனே, அந்தப் பூ ஒவ்வொன்றும் அக்கா கொடுத்த வாக்கில் பூத்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குத் தலை குனிகிறது.