இரண்டாவது பட்டியல்

கணவர் இறந்த எட்டு மாதத்தில் என் எடை முப்பத்தெட்டு கிலோவுக்கு வந்துவிட்டது. நோய் எதுவும் இல்லை என்ற டாக்டர், மூலக்குளத்தில் ஒரு டயட்டீஷியன் அம்மாவிடம் அனுப்பினார். ஒல்லியான உருவம், நரைத்த கிராப்பு. எடை மெஷினில் எண் வந்த பிறகும், இன்னொருவர் ஏறக் காத்திருப்பவர்போல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் சொன்னபடி ஒரு வாரச் சாப்பாட்டை எழுதிய என் நோட்டைப் புரட்டினார்.

“முட்டை, வேர்க்கடலை, தெனம் மீன் கொழம்பு. எடை ஏறியிருக்கணுமே! எல்லாம் நீங்களேதான் சாப்பிடுறீங்களா?”

“சமைச்சத எழுதினேன் மேடம். அவருக்கும் ஒரு தட்டு வெச்சிடுறேன். பழக்கம் போவல.”

“அந்தத் தட்டுல இருக்கறத என்ன பண்ணுவீங்க?”

“கழுவிடுவேன். முள்ளு மட்டும்தான் கெடக்கும்.”

சொன்ன பிறகுதான், என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

அவர் சிரிக்கவில்லை. என் பக்கத்துக் காலி நாற்காலியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு புதிதாக ஒரு தாளை எடுத்தார்.

“அவருக்கு சுகர் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

இரண்டு பட்டியல்களோடு வீடு வந்தேன். இப்போது ஐந்து கிலோ கூடியிருக்கிறேன். கணவர் தட்டில் சோற்றைக் குறைத்துவிட்டேன். நான் சொன்னதை அந்த அம்மா அப்படியே நம்பிவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.