ரோகிணிக்கு மேலேயா, கீழேயா

அந்தோணி அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது, மூக்கண்டப்பள்ளி ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். வரிசையை விட்டு நகரவில்லை. இன்னொரு நாள் வந்து நிற்கக் காலில் தெம்பில்லை. அரிசியை வாங்கிக்கொண்டுதான் மத்திகிரியில் அவர் வீட்டுக்கு பஸ் ஏறினேன். எனக்கு எழுதத் தெரியாது. இதை நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

நாங்கள் வேலை பார்த்த இரும்பு வார்க்கும் பவுண்டரியில் கூட இருந்தவர்களுக்கு அவரை எலக்ட்ரீஷியனாகத் தெரியும். பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடியில் நின்று திருவாதிரை நட்சத்திரத்தின் வெளிச்சத்தைக் கண்ணாலேயே அளந்து நோட்டில் எழுதுவார் என்பது பலருக்குத் தெரியாது. "வயசான நட்சத்திரம்ப்பா. ஊதிப் பெருத்து, தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமா வெளியில தள்ளுது. தள்ளுனது தூசியாகி அதையே மறைக்கும்" என்பார். "அப்போ மண்ணுத்தூசி பறக்குற நம்ம மோல்டிங் செக்‌ஷன்தாண்ணா" என்பேன்.

ஒரு ஆள் கண்ணை நம்பக் கூடாதென்று என்னையும் சேர்த்துக்கொண்டார். ரோகிணி நட்சத்திரத்தின் வெளிச்சம்தான் அளவு; அதைவிடப் பிரகாசமென்றால் மேல, மங்கலென்றால் கீழ. தான் கண்டதை முதலில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத்தான் கேட்பார்: "ரோகிணிக்கு மேலயா, கீழயா?" பல வருஷம் "மேல" என்றே சொல்லி வந்தேன்.

ஒரு மார்கழியில் திருவாதிரை மங்கித் தெரிந்தது. என் கண்தான் போய்விட்டதென்று பயந்தேன். வார்ப்புகளில் மயிரிழை விரிசல் பார்த்துச் சொல்வது என் வேலை. கண் போனால் வேலையும் போகும். "மேலதாண்ணா" என்று பழையபடியே சொன்னேன். பத்து நாள் சொன்னேன்.

பதினோராம் நாள் கிருஷ்ணகிரியில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு, மருந்து ஊற்றிய கண்ணோடு படியேறி வந்தார்.

"டாக்டர் ஒண்ணுமில்லங்கறாரு. ஆனா நீ மேலங்கற, எனக்குக் கீழ தெரியுது. சக்கரை வியாதியோட வேலைதான். இனி நீ மட்டும் பாத்துச் சொல்லு, நான் எழுதறேன்."

"எனக்கும் கீழதாண்ணா தெரிஞ்சுது" என்றேன்.

"அடப்பாவி, பத்து நாளா என்னைக் குருடனாக்கிட்டியே!" என்று சிரித்தார். நோட்டில் என் பொய்யை அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு வரி எழுதிப் படித்துக் காட்டினார்: 'பார்த்தவர் பயந்துவிட்டார்.' பிறகு சொன்னார்: "கண்ணு மங்குனா மங்குச்சுன்னு சொல்லு, வேலைய அப்புறம் பாத்துக்கலாம். கண்டத மட்டும் மாத்தாத." தூசி மறைத்துத்தான் அது மங்கியதாக ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள் என்று பின்னால் ஒரு நாள் சொன்னார்.

இப்போது எனக்கு நிஜமாகவே கண்புரை. அடக்கம் முடிந்த அன்று இருட்டியதும் அவர் வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். அவர் மகள் கொடுத்த நோட்டோடு மருமகள் பக்கத்தில் நின்றாள். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தேன்.

"என்ன மாமா எழுதட்டும்?"

"தெரியலன்னே எழுதும்மா."

அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இல்லை. அண்ணன் எனக்கு விட்டுப்போனது அதுதான்.