நடு ஸ்பீக்கர்

என் தங்கையை அவள் புகுந்த வீட்டில் எல்லோரும் "இன்ஜினியர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாராட்டுகிறோம் என்று அவர்களுக்கு நினைப்பு. எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஸ்பீக்கர் கடையில் வேலை பார்த்தவள். எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்கு மாட்டிக் காட்டுவாள். அந்தக் கை சும்மா இருக்குமா? மாமனாருக்குக் காது மந்தம். டிவிடி பிளேயரில் படம் போட்டால் பாட்டும் சண்டையும் கேட்கும், பேச்சு மட்டும் கேட்காது. சத்தத்தைத் தனித்தனி ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு டீகோடர் பெட்டியை இவள் வாங்கிவந்து பிளேயரோடு இணைத்தாள். அதிலிருந்து ஆம்ப்ளிஃபையர், அதிலிருந்து ஸ்பீக்கர்கள். பேச்செல்லாம் நடு ஸ்பீக்கரில் வரும்படி செய்து, அதன் சத்தத்தை மட்டும் ஏற்றிவைத்தாள். அன்றைக்கு வசனம் கேட்டு மனிதர் அழுதேவிட்டார். அன்றோடு இவள் கதை முடிந்தது.

அதற்கப்புறம் இவள் வாசலைத் தாண்டினாலே அந்தப் பெட்டி படுத்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் வரும். புருஷனுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். "எனக்கு இதெல்லாம் சுட்டுப் போட்டாலும் வராது" என்று அவர் நைசாக நழுவிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் அவள் முன்பு வேலை பார்த்த கடையின் முதலாளி கூப்பிட்டார். திங்கட்கிழமை காலையில் வந்து சேர்ந்துகொள், வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். தங்கை முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கையோடு கூட்டிப்போய் விட்டுவிட வேண்டும் என்று திங்கட்கிழமை காலையில் நானே அவள் வீட்டுக்குக் கிளம்பி வந்தேன்.

பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். உள்ளேயிருந்து மாமனாரின் குரல்: "அம்மாடி, சத்தம் வரல."

"வராம போகட்டும். நீ வாடி."

"ரெண்டே நிமிஷம்க்கா."

நானும் பின்னாலேயே போனேன். டீகோடரின் பின்பக்கம் மெல்லிய ஆப்டிகல் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையில் குட்டி பிளாஸ்டிக் மூடி. அந்த வயரில் சத்தம் வெளிச்சமாகத்தான் போகுமாம். முனையில் தூசி படக்கூடாது, கழற்றினால் உடனே மூடிவிட வேண்டும் என்று மாமனாருக்கு இவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தானாகக் கழன்ற வயர் தானே மூடியும் போட்டுக்கொள்ளுமா?

எனக்கு வந்ததே கோபம். "மாமா, இத யாரு கழட்டினது?" என்று கத்தினேன்.

அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டார். "இந்த வீட்ல என்கிட்ட கத்திப் பேச யாருக்கும்மா பொறுமை இருக்கு? இவளும் போயிட்டா நான் சுவத்தோடதான் பேசணும்."

சண்டைக்கு வந்த எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. தங்கையைப் பார்த்தேன். அவள் கொஞ்சமும் திடுக்கிடவில்லை.

"எனக்கு முதல் தடவையே தெரியும்க்கா" என்றாள். "ஒவ்வொரு தடவையும் மூடி போட்டுத்தான் இருந்துச்சு."

மூடியைக் கழற்றி வயரைச் சொருகினாள். நடு ஸ்பீக்கரில் யாரோ கணீரென்று பேச ஆரம்பித்தார்கள். மூடியை மாமனாரின் சட்டைப் பைக்குள் போட்டாள். "இங்கேயே வெச்சுக்கோங்க மாமா. அடுத்த தடவை தேட வேண்டாம்."

அவள் தோளில் கிடந்த பைக்குள் போன் அடித்தது.

"கடையிலேர்ந்துதான்டி. எடு."

"கேக்குதுக்கா" என்றாள். எடுக்கவில்லை.